தூரம்தான் வில்லன்

விண்வெளி சாகசக் கதை எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு பத்தியைத்தான். கலம் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடம் போய்ச் சேரும் பத்தி. வேற்றுக்கிரகவாசிக்கு எத்தனை கண், துப்பாக்கியிலிருந்து எந்த நிறத்தில் ஒளி பாய்கிறது என்பதெல்லாம் எழுதுபவர் இஷ்டம், தலையிட மாட்டேன். ஆனால் நட்சத்திரங்கள் கோடு கோடாக நீண்டு, அடுத்த நொடி எல்லோரும் வேறொரு சூரியனுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பயணத்தை ஒரு வரியில் முடித்துவிட்டால் எனக்குப் பாதி ருசி போய்விடும்.

வாத்தியார்த்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒளியை மிஞ்ச முடியாது, வெற்றிடத்தில் சத்தம் கேட்காது என்று குற்றப்பட்டியல் வாசிக்கும் ஆட்களோடு எனக்கும் ஒத்துப்போகாது. வெடிச்சத்தம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். என் மனத்தாங்கல் வேறு. சாகசம் என்றால் ஆபத்து வேண்டும், உதவி எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், யோசிக்க அவகாசம் இருக்கக் கூடாது. விண்வெளியில் இந்த மூன்றையும் தூரம் ஒன்றே தந்துவிடுகிறது. அப்பேர்ப்பட்ட வில்லனை முதல் அத்தியாயத்திலேயே தீர்த்துக்கட்டிவிட்டு, அப்புறம் முந்நூறு பக்கத்துக்கு ரப்பர் முகமூடி போட்ட வில்லனைத் தேடி அலைகிறார்கள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் சிறுகோள் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பாறைகள் முட்டி மோத, கதாநாயகன் கலத்தை ஒருக்களித்து ஓட்டி நூலிழையில் தப்புவதை எத்தனை முறை பார்த்திருப்போம். 1972இல் நாசாவின் பயனியர் 10 கலம் அதற்குள் நுழைந்தபோது தூசியும் பொடிக்கற்களும் கலத்தைப் பதம் பார்த்துவிடுமோ என்ற பயம் நிஜமாகவே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. பட்டையில் உள்ள அத்தனை பாறைகளையும் அள்ளி ஒன்றாக உருட்டினாலும் நம் நிலாவின் நிறையில் நூற்றில் நாலு பங்குகூடத் தேறாது. குறிப்பிட்டுச் சொல்லும்படியான ஒரு பாறைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு வெறும் வெளி. 2000 ஜனவரியில் காசினி கலம் மசுர்ஸ்கி என்ற சிறுகோளைக் கடந்தது. இடைவெளி 16 லட்சம் கிலோமீட்டர், அதாவது நிலா நம்மிடமிருந்து இருக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு. எடுத்த படத்தில் ஒரு புள்ளிதான் விழுந்தது. அங்கே பாறையில் மோதாமல் ஓட்டுவதற்குத் திறமை வேண்டாம், மோத வேண்டுமென்றால்தான் வேண்டும்.

செவ்வாய்க்கு வருவோம். பூமியும் செவ்வாயும் மிக நெருங்கி வரும்போது ஒரு சொல் போய்ச்சேர மூன்று நிமிடம் பிடிக்கும், சூரியனுக்கு இப்புறமும் அப்புறமுமாக நிற்கும்போது 22 நிமிடம். ‘ஆக்சிஜன் கசிகிறது, என்ன செய்யட்டும்?’ என்று ஒருவர் கேட்டால், பதில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகலாம். அதற்குள் கேட்டவரே ஏதாவது ஒரு முடிவு எடுத்திருப்பார், அல்லது அவருக்குப் பதிலே தேவைப்பட்டிருக்காது. இதைவிடச் சுவாரசியமான ஏற்பாடும் உண்டு. சுமார் 26 மாதத்துக்கு ஒரு முறை செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். சூரியனைச் சுற்றியுள்ள மின்னூட்டத் துகள்கள் ரேடியோ அலையைக் குழப்புவதால், ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு அங்கிருக்கும் கலங்களுக்குப் பூமியிலிருந்து கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். பாதி வழியில் சிதைந்துபோன கட்டளை கலத்தை என்ன செய்ய வைக்கும் என்று சொல்ல முடியாதல்லவா! ஒரு துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல பூட்டிய அறை கிடைக்குமா? செவ்வாயில் ஆறு பேர், பதினான்கு நாள் மௌனம், முதல் நாளே ஒரு சாவு. யாராவது எழுதியிருந்தால் என் கண்ணில் படவில்லை.

சரி, தூரம் என்றால் லட்சக்கணக்கான கிலோமீட்டர்தான் என்றில்லை. சில நூறு மீட்டர்கூடப் படுத்திவிடும். 1965 ஜூனில் இரண்டு அமெரிக்க வீரர்களோடு ஜெமினி 4 கலம் பறந்தபோது அதன் கமாண்டர் ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தங்களைக் கொண்டுவந்து விட்ட ராக்கெட்டின் காலியான இரண்டாம் அடுக்கு முன்னால் மிதந்துகொண்டிருக்கும், அதன் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். விமானிகள் செய்வதைத்தான் அவரும் செய்தார். மூக்கை அதை நோக்கித் திருப்பி உந்துவிசையைக் கொடுத்தார். இலக்கு விலகிப் போனது. இன்னும் கொடுத்தார், இன்னும் விலகியது. எரிபொருள் கணிசமாகக் கரைந்த பிறகு முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று.

காரணம் விசித்திரமானது. சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் கலம் மேலே ஏறும். மேலே உள்ள பாதை நீளமானது, அங்கே சுற்றும் வேகமும் குறைவு. ஆக, துரத்தத் துரத்தப் பின்தங்குவோம். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட வேண்டும். வேகம் குறைந்தால் தாழ்வான பாதைக்கு இறங்கி, அங்கே விரைவாகச் சுற்றி, அடியில் முந்திப் போய், சரியான நேரத்தில் மேலே ஏற வேண்டும். இதற்கான கணக்கைத் தன் முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டு 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கியவர், பின்னாளில் நிலாவில் நடந்த பஸ் ஆல்ட்ரின். 1966 நவம்பரில் ஜெமினி 12இல் ரேடார் கைவிட்டபோது, கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியும் அச்சடித்த அட்டவணைகளும் கொண்டு கணக்குப் போட்டே சக வீரர் ஜிம் லோவலோடு சேர்ந்து இலக்கைப் பிடித்தார். அப்படியொரு துரத்தலை ஒரு கதையில் ஒழுங்காக எழுதிவிட்டால் போதும். பிடிக்க வேண்டியவன் கண் முன்னால் போகிறான், கதாநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக் போடுகிறாள்! எந்தக் கார் துரத்தலிலும் இல்லாத பதற்றம் அதில் உண்டு.

கிளம்பும் தேதியும் நம் கையில் இல்லை. குறைந்த எரிபொருளில் ஒரு கோளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையை வால்டர் ஹோமன் 1925இலேயே கணக்கிட்டு வெளியிட்டுவிட்டார். அந்தப் பாதையில் செவ்வாய்க்குப் போக 26 மாதத்துக்கு ஒரு தடவைதான் கதவு திறக்கும். மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று ஏவப்பட்டதும் இந்தக் கணக்கால்தான். ஏவிய பி.எஸ்.எல்.வி.க்கு நேராகச் செவ்வாய்க்குத் தள்ளிவிடும் வலு இல்லை. அதனால் கலம் பூமியையே சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சினை இயக்கி எட்டத்தைக் கூட்டிக்கொண்டு, டிசம்பர் 1 அன்று விடைபெற்றது. அதன் பிறகு அந்த முதன்மை எஞ்சின் ஏறக்குறைய 300 நாள் உறக்கம். எழுந்திருக்குமா என்று தெரிந்துகொள்ள 2014 செப்டம்பர் 22 அன்று நாலே நாலு விநாடி எரித்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து 24 நிமிடம் எரிய வேண்டும், அதில் பெரும்பகுதி நேரம் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருக்கும். எரிந்ததா என்பது மறுபக்கம் வந்து அது சொன்னால்தான் தெரியும், சொன்னதும் வந்து சேர இன்னும் பன்னிரண்டு நிமிடம். அந்த நாலு விநாடியை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம் என்பேன்.

பழைய கதைகளில் கோள்களைப் பற்றிய தகவல் எல்லாம் தப்பாக இருக்கும். அது எனக்கு உறுத்துவதே இல்லை. அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 1894இல் பெர்சிவல் லோவல் அரிசோனாவில் தன் சொந்தப் பணத்தில் வானாய்வகம் கட்டி, செவ்வாயில் கால்வாய்களை வரைந்து தள்ளினார். வறண்டுபோகும் உலகம், துருவப் பனியை உருக்கிப் பாசனம் செய்யும் பழம்பெரும் நாகரிகம் என்று அவர் சொன்னதை வைத்து இரண்டு தலைமுறை எழுத்தாளர்கள் பிழைத்தார்கள். அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்துபோன நாசாவின் மாரினர் 4 கலம். எடுத்த படங்கள் 22தான், அதில் கடைசிப் படம் முழுசாக இல்லை. கால்வாய் இல்லை, நகரம் இல்லை, நிலாவில் இருப்பது போன்ற பள்ளங்கள்தான்.

அந்தப் படங்கள் வந்த விதத்தைப் பாருங்கள். கலம் அனுப்பிய வேகம் விநாடிக்கு எட்டு பிட்டுக்குக் கொஞ்சம் கூட. ஒரு படம் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல். கலத்தை இயக்கிய நாசா ஆய்வகமான ஜே.பி.எல்.லில் இருந்த பொறியாளர்களுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்பதைக் குறிக்கும் எண்கள் காகித நாடாவில் அச்சாகி வந்துகொண்டிருந்தன. அந்த நாடாக்களை வெட்டிப் பலகையில் வரிசையாக ஒட்டி, எண்ணுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய வண்ணக் குச்சிகளால் கட்டம் கட்டமாகத் தீட்ட ஆரம்பித்தார்கள். கணினி அதிகாரபூர்வப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருக்க, பழுப்பும் மஞ்சளுமாகச் செவ்வாயின் விளிம்பு அந்தப் பலகையில் உருவாயிற்று. விண்கலம் இன்னொரு கோளின் பக்கத்திலிருந்து எடுத்து அனுப்பிய முதல் படத்தை மனிதர்கள் கையால் வரைந்து பார்த்தார்கள். இந்தக் காட்சியை நான் கற்பனையில் எழுதியிருந்தால் ‘ரொம்ப ஓவர்’ என்றிருப்பீர்கள்.

வெள்ளியின் கதி இன்னும் மோசம். மேகம் மூடிய கோள் என்பதால், கீழே மழைக்காடும் சதுப்பு நிலமும் ராட்சதப் பல்லிகளும் இருப்பதாக எழுதிக் குவித்தார்கள். 1962 டிசம்பரில் மாரினர் 2 பக்கத்தில் போய் வெப்பத்தை அளந்ததும் காடு கருகிவிட்டது. தரையில் சுமார் 465 டிகிரி, அழுத்தம் நம்மைப் போலத் தொண்ணூறு மடங்கு. 1982இல் இறங்கிய சோவியத் கலம் வெனெரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்ததே சாதனை. ஆனால் கதைக்காரர்கள் இன்னும் சரியாகக் கண்டுகொள்ளாத ஒரு வெள்ளி உண்டு, அது தரையில் இல்லை. 1985 ஜூனில் வேகா 1, வேகா 2 என்ற சோவியத் கலங்கள் இரண்டும் போகிற போக்கில் ஆளுக்கொரு பலூனை அங்கே விட்டுவிட்டுப் போயின. சுமார் 54 கிலோமீட்டர் உயரத்தில், நம் தரைமட்ட அழுத்தத்தில் பாதி அளவு காற்றில், நமக்குப் பழக்கமான கோடை வெப்பத்தில் அவை மிதந்தன. ஒவ்வொன்றும் இரண்டு நாள் அளவில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் அடித்துச் செல்லப்பட்டது. வெள்ளியின் வளிமண்டலம் கனமான கரியமில வாயு என்பதால், நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே அங்கே பலூனைத் தூக்கிவிடும். அதாவது நீங்கள் குடியிருக்கும் வீட்டின் காற்றே வீட்டை மிதக்க வைக்கும். சுற்றிலும் கந்தக அமில மேகம், கீழே விழுந்தால் அடுப்பு. பல்லி எதற்கு?

புதனையும் ஒரு நொடி பார்த்துவிட்டுப் போவோம். அங்கே ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை 176 பூமி நாள். நிலநடுக்கோட்டின் சுற்றளவு 15,300 கிலோமீட்டர் சொச்சம். வகுத்துப் பாருங்கள்: பகலுக்கும் இரவுக்கும் நடுவில் உள்ள கோடு மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. நடந்தே அதற்கு ஈடுகொடுக்கலாம். பின்னால் ஈயத்தை உருக்கும் பகல், முன்னால் உறைய வைக்கும் இரவு, நடுவில் நிற்காமல் நடக்கும் ஒருவர். தூங்க மட்டும் எங்கேயாவது இடம் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விண்வெளி சாகசம் என்று யாராவது என்னிடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் சொல்வது ஹைகன்ஸ் கலத்தின் ரேடியோ கதையைத்தான். இதில் துப்பாக்கி இல்லை, விண்வெளி வீரர்கூட இல்லை.

1997 அக்டோபரில் காசினி சனியை நோக்கிக் கிளம்பியது. அதன் விலாவில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹைகன்ஸ் ஒட்டிக்கொண்டு போயிற்று. சனியின் மிகப் பெரிய நிலாவான டைட்டனில் பாராசூட்டில் இறங்குவது அதன் வேலை. இறங்கும்போது கண்டதையெல்லாம் அது மேலே பறக்கும் காசினிக்கு ரேடியோவில் சொல்லும், காசினி அதைப் பூமிக்குத் திருப்பிவிடும். கிளம்புவதற்கு முன் இந்த ரேடியோ இணைப்பை நிஜ நிலைமையில் வைத்து முழுசாகச் சோதிக்கவில்லை. கலம் கிளம்பிப் போய்விட்டது, சனிக்குப் போய்ச் சேர ஏழு வருஷம்.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றிய ஸ்வீடன்காரர் போரிஸ் ஸ்மெட்ஸ், கலம் வழியில் இருக்கும்போதே அந்த ரேடியோவைச் சோதிக்க ஒரு வழி யோசித்தார். பூமியிலிருந்து ஓர் ஆன்டெனா ஹைகன்ஸ் போல நடிக்க வேண்டும். டைட்டனில் இறங்கும் கலத்தின் சிக்னல் எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே அனுப்பி, காசினி அதை ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு மெனக்கெட வேண்டாம், சாதாரண அலை ஒன்றை அனுப்பி வருகிறதா என்று பார்த்தால் போதாதா என்ற கருத்தும் இருந்தது. அவர் விடவில்லை. 2000 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவில் உட்கார்ந்து அந்த நாடகத்தை நடத்தினார். காசினி அப்போது சிறுகோள் பட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

நகராத கலம் போல நடித்தபோது தகவல் சரியாகப் போயிற்று. டைட்டனில் இருக்கப்போகும் வேகத்தைச் சேர்த்து நடித்ததும் எல்லாம் சிதறிவிட்டது. அலை மட்டும் வந்து சேர்ந்தது, அதில் ஏறியிருந்த தகவல் குப்பையாக இருந்தது. ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் உச்சத்தில் கேட்பதற்குக் காரணமான டாப்ளர் விளைவுதான் குற்றவாளி. காசினி டைட்டனை நோக்கி விநாடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் வரும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். அலையின் அதிர்வெண் மாறும் என்று கணக்கில் எடுத்தும் இருந்தார்கள். ஆனால் அந்த அலையில் ஏறிவரும் பிட்டுகளும் அதே விகிதத்தில் நெருக்கியடித்து வருமே, அதற்கு ஏற்றபடி காசினியில் சிக்னலை வாங்கும் கருவியின் கடிகாரம் நெகிழ்ந்துகொடுக்க வேண்டுமே என்பது விட்டுப்போயிற்று. அந்தக் கருவியின் நிரலைப் பூமியிலிருந்து மாற்றவும் வழியில்லை. அப்படியே விட்டிருந்தால் ஹைகன்ஸ் டைட்டனில் இறங்கி, பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்து, நமக்கு ஒரு வரிகூடப் புரிந்திருக்காது.

ஸ்குரூ டிரைவரோடு யாரையும் அனுப்ப முடியாது. ரேடியோவைத் தொட முடியாது என்றால் எதைத்தான் தொட முடியும்? பாதையை. வேகம்தான் பிரச்சினை என்றால், அந்த வேகம் நேருக்கு நேராக வராமல் பக்கவாட்டில் போகும்படி செய்துவிடலாம். டைட்டனை உரசிக்கொண்டு போவதாக இருந்த காசினியை அறுபதாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தள்ளிப் போகச் செய்தால், இரண்டுக்கும் நடுவிலான நேர்வேகம் சரிந்துவிடும், ரேடியோவும் தாங்கிக்கொள்ளும். இதற்காகச் சனியைச் சுற்றும் ஆரம்பச் சுற்றுகளையே கலைத்துப் போட்டு, கூடுதலாக ஒரு சுற்றைச் செருகி, 2004 நவம்பரில் நடக்கவிருந்த இறக்கத்தை 2005 ஜனவரி 14க்குத் தள்ளினார்கள். வானொலிப் பெட்டியில் ஒரு குறை, அதைச் சரிசெய்ய ஒரு விண்கலத்தின் வழியையே வளைத்தார்கள்!

இத்தனைக்கும் பிறகு அன்றைக்கு இன்னொரு இடி. ஹைகன்ஸ் இரண்டு அலைவரிசைகளில் பேசியது. அதில் ஒன்றை வாங்கும் கருவியைக் காசினியில் இயக்கிவைக்கும் கட்டளை, அனுப்பிய பட்டியலில் விட்டுப்போயிருந்தது. படங்களில் பாதி அதோடு போயிற்று. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனை முழுக்க அந்த அலைவரிசையை நம்பித்தான் இருந்தது. ஆனால் பூமியில் கிரீன் பேங்க், பார்க்ஸ் போன்ற ரேடியோ தொலைநோக்கிகள் 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த அந்த மெல்லிய முனகலை நேரடியாகப் பிடித்துவிட்டன. காசினி கேட்கத் தவறியதைப் பூமியே கேட்டுவிட்டது. அதை வைத்து டைட்டனின் காற்றையும் மீட்டெடுத்தார்கள். இரண்டரை மணி நேரம் இறங்கி, தரைதொட்ட பிறகும் ஹைகன்ஸ் பேசிக்கொண்டேயிருந்தது. ஆரஞ்சுப் புகைமூட்டத்தில், ஆற்றுப்படுகையில் கிடப்பவை போல உருண்டு மழுங்கிய பனிக்கட்டிக் கற்கள். முதல் சிக்னல் பூமியை எட்டுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது என்பதால், அது வருவதற்குள் எல்லாம் நல்லதோ கெட்டதோ அங்கே முக்கால்வாசி தீர்மானமாகியிருக்கும்.

ஹயபுசா பற்றியும் சொல்லாமல் விட மனசில்லை. ஜப்பானின் இந்தக் கலம் 2003இல் கிளம்பி, 2005இல் இடோகாவா என்ற குட்டிச் சிறுகோளைத் தொட்டது. எரிபொருள் கசிந்து, தலைசுற்றிப்போய், வாரக்கணக்கில் பேச்சுமூச்சில்லை. மறுபடி கண்டுபிடித்து வீட்டுக்கு ஓட்டிவரும் வழியில் மின்னூட்டத் துகள்களைப் பீய்ச்சி உந்தும் அயான் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஒரு எஞ்சினின் நல்ல பாகத்தையும் இன்னொரு எஞ்சினின் நல்ல பாகத்தையும் மின்சுற்றால் இணைத்து, இரண்டு சவங்களிலிருந்து உயிருள்ள ஒன்றை உண்டாக்கினார்கள். 2010 ஜூன் 13 அன்று ஆஸ்திரேலியாவின் மேல் தாய்க்கலம் எரிந்து சாம்பலாக, அது விடுத்த பெட்டி மட்டும் பத்திரமாக இறங்கியது. உள்ளே சுமார் 1,500 தூசுத் துகள்கள்.

நாசாவின் ஆழ்வெளி ஆன்டெனாக்கள் கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், கான்பெரா என்று உலகைச் சுற்றி மூன்று இடங்களில் இருக்கின்றன. எந்த ஆன்டெனா இப்போது எந்தக் கலத்தோடு பேசுகிறது என்பதை இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம். எனக்கு அது கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. அதில் வாயேஜர் 1 என்று வரும்போது, போய்வர ஆகும் நேரம் என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். நாள்கணக்கில் இருக்கும். 1977இல் கிளம்பிய கலம், 2012இல் சூரியனின் காற்று வீசும் எல்லையைத் தாண்டிவிட்டது. 2026 நவம்பர்வாக்கில் அது ஒரு ஒளிநாள் தொலைவை எட்டும் என்பது கணக்கு. ‘குட் மார்னிங்’ சொன்னால் மறுநாள் காலையில்தான் போய்ச் சேரும்.

2023 நவம்பரில் அது உளற ஆரம்பித்தது. சிக்னல் வந்தது, உள்ளே ஒன்றும் சுழியும் அர்த்தமில்லாமல் திரும்பத் திரும்ப. உள்ளிருக்கும் மூன்று கணினிகளில், அறிவியல் தகவலைக் கட்டிப் பூமிக்கு அனுப்பத் தயார் செய்யும் கணினிக்கு ஏதோ ஆகியிருந்தது. இந்தக் கலத்தை உருவாக்கியவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்கள் அரை நூற்றாண்டுப் பழைய ஆவணங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. ஒரு கட்டளை அனுப்பினால் பலன் தெரிய 45 மணி நேரம். 2024 மார்ச்சில் அந்தக் கணினியைச் சீண்டிப் பார்க்கும் ஒரு கட்டளைக்கு வழக்கத்துக்கு மாறான பதில் வந்தது. அதை உடைத்துப் பார்த்தபோது கணினியின் முழு நினைவகத்தின் நகல் அதில் இருந்தது. பழைய நகலோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு சிப் செத்துவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் போயிற்று.

செத்த இடத்தில் இருந்த நிரலை வேறெங்காவது மாற்ற வேண்டும். ஆனால் அதை மொத்தமாக வைக்க எங்கேயும் இடமில்லை. நிரம்பி வழியும் பஸ்ஸில் ஒரு குடும்பத்தை ஆளுக்கொரு மூலையில் உட்காரவைப்பது போல, நிரலைத் துண்டாக்கி அங்கங்கே செருகி, ஒன்று இன்னொன்றைத் தேடும் முகவரிகளையெல்லாம் திருத்தி எழுதினார்கள். ஏப்ரல் 18 அன்று முதல் துண்டு போயிற்று. இருபத்திரண்டரை மணி நேரம் போக, இருபத்திரண்டரை மணி நேரம் வர. ஏப்ரல் 20 அன்று கலம் தன் உடல்நிலையைத் தெளிவாகச் சொன்னது. 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி ஒரு அறுவை சிகிச்சை, அதுவும் தப்பினால் திருத்த இரண்டு நாள் காத்திருக்க வேண்டிய அறுவை சிகிச்சை.

நட்சத்திரங்களுக்கு வந்தால் தூரம் கதையின் இலக்கணத்தையே மாற்றிவிடும். பக்கத்து நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு. அதைச் சுற்றும் ஒரு கோளை 2016இல் கண்டுபிடித்தார்கள். வாயேஜரின் வேகத்தில், அதாவது விநாடிக்கு 17 கிலோமீட்டரில், அவ்வளவு தூரம் கடக்க 70,000 வருஷத்துக்கு மேல் ஆகும். ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க எட்டரை வருஷம். தலைமுறை தலைமுறையாகக் கலத்திலேயே பிறந்து கலத்திலேயே சாகும் மனிதர்களைப் பற்றிய கதைகள் எனக்குப் பிடிப்பது இதனால்தான், அவை தூரத்தை மதிக்கின்றன. அதிலும் ஒரு குரூரமான கணக்கு உண்டு. இன்றைக்குக் கிளம்பினால் ஆயிரம் வருஷம், ஐம்பது வருஷம் பொறுத்து நல்ல எஞ்சினோடு கிளம்புபவர்களுக்கு முந்நூறு வருஷம். முதலில் கிளம்பியவர்களின் சந்ததியினர் போய்ச் சேரும்போது அங்கே ஏற்கனவே ஆட்கள் குடியேறி, ஊர் கட்டி, பழசாகியும் போயிருப்பார்கள். வரவேற்பு எப்படி இருக்கும் என்பது எழுதுபவர் கைவண்ணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? டைட்டனே போதும். நாசாவின் டிராகன்ஃபிளை 2028 ஜூலையில் கிளம்பி 2034இல் அங்கே இறங்குவதாகத் திட்டம். எட்டுச் சுழலிகள் கொண்ட, ஒரு கார் அளவிலான பறக்கும் இயந்திரம். ஈர்ப்பு நம்மில் ஏழில் ஒரு பங்கு, காற்றோ நம்மைவிட அடர்த்தி, பறக்க அதைவிடத் தோதான இடம் சூரியக் குடும்பத்தில் இல்லை. ஓட்டுபவர் ஒருவர் பூமியில் கைப்பிடியோடு உட்கார்ந்திருக்க முடியாது. சிக்னல் ஒரு வழி போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல். எங்கே இறங்குவது, எந்தக் கல் ஆபத்து என்பதை அதுவேதான் பார்த்து முடிவெடுக்க வேண்டும். டைட்டனின் ஒரு நாள் என்பது நம் பதினாறு நாள். இரவு மட்டும் எட்டு நாள். சூரியன் மறையும்போது பூமியும் சேர்ந்தே அடிவானத்துக்குக் கீழே போய்விடும் என்பதால், அந்த எட்டு நாளும் இரு பக்கமும் பேச்சில்லை.

இயந்திரத்தின் இடத்தில் இரண்டு மனிதர்களை வையுங்கள். மைனஸ் 179 டிகிரியில் மீத்தேன் மழை பெய்யலாம், மெதுவாக, பெரிய பெரிய துளிகளாக. முதல் இரவு முடிந்து பூமி மேலே வரும்போது ஒருவர் மட்டும்தான் பேசுகிறார், அவர் சொல்வதைக் கன்ட்ரோல் ரூமில் யாரும் முழுசாக நம்பவில்லை. அடுத்த இரவு எட்டு நாளில் வந்துவிடும். இதை எழுத ஒளியை மிஞ்சும் ஹைப்பர் டிரைவ் எஞ்சின் எதுவும் தேவைப்படாது, கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும்.